அறுபத்தாறிலிருந்து தொண்ணூற்றொன்று வரை

சிஸ்டர் என் மேசைக்கு வந்தபோது மணி ஒன்பது ஐம்பது. கையில் போன். வழக்கமாக ஏதாவது சண்டை பிடிக்கத்தான் வருவார். அன்று முகத்தில் சண்டை இல்லை.

"இதுல மஞ்சளா இருக்கறதை மட்டும் படிங்க" என்றார்.

படித்தேன். 'மாத்திரையை நிறுத்துங்கள்.'

"இப்ப முழுசாப் படிங்க."

'உங்கள் இருதய நலனில் நாங்கள் அக்கறை கொண்டிருக்கிறோம். பல் வைத்தியர் மாத்திரையை நிறுத்துங்கள் என்று சொன்னாலும், எங்களைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.'

மஞ்சள் இருக்க வேண்டியது கடைசி இரண்டு சொற்களில். அங்கே வெறும் கறுப்பு எழுத்து. போனை வாங்கி, திரையில் அந்தப் பக்கத்தை மூடித் திறந்தேன். மறுபடியும் அதே இடம். எதற்காகவோ என் போனிலும் திறந்து பார்த்தேன். அதிலும் அதேதான்.

சிஸ்டர் பதினாறு வருடம் இதயப் பிரிவில் நர்ஸாக இருந்தவர். முட்டி தேய்ந்த பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இதயச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களின் போனில் மருத்துவமனை ஒரு செயலியைப் போட்டுக் கொடுக்கிறது. அதைச் செய்வது நாங்கள். ஒவ்வொரு மாத்திரைக்கும் ஓர் அட்டை, அட்டைக்கு இரண்டு மூன்று வாக்கியம். வாக்கியம் சிஸ்டருடையது. அதில் கண்ணில் படவேண்டிய சொற்களுக்குப் பின்னால் மஞ்சள் பூசுவது என் வேலை. மொத்தம் நாற்பத்திரண்டு அட்டை.

"முதல் வரி எப்ப சேர்த்தீங்க?"

"புதன்கிழமை. ஆஸ்பத்திரிக்காரங்கதான் மரியாதையா ஒரு வரி போடச் சொன்னாங்க. எல்லாத்துலயும் போடறதுக்கு முன்னாடி இது ஒண்ணுல மட்டும் போட்டுப் பார்த்தேன். ஏன், போடக் கூடாதா?"

போடலாம். வாக்கியம் மருத்துவமனையின் கணினியில் இருக்கிறது. சிஸ்டர் அங்கே மாற்றினால் எல்லார் போனிலும் மாறும். மஞ்சள் மட்டும் என் நிரலில் இருக்கிறது. அறுபத்தாறாவது இடத்தில் தொடங்கு, தொண்ணூற்றொன்றில் நிறுத்து. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அந்த இடத்தில் என்ன சொல் நிற்கிறது என்று அது பார்ப்பதில்லை. முன்னால் ஒரு வரி நுழைந்ததும் மற்றச் சொற்கள் எல்லாம் ஐம்பத்துமூன்று இடம் தள்ளிப் போய்விட்டன. மஞ்சள் நின்ற இடத்திலேயே நின்றது. அங்கே வந்து உட்கார்ந்தது 'மாத்திரையை நிறுத்துங்கள்'.

வாக்கியத்தை மாற்றினால் என்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அது என் தலைக்குள் மட்டும் இருந்தது.

"பழைய வரியையே திரும்பப் போட்டுடுங்க. இப்பவே" என்றேன்.

"போட்டுட்டுத்தான் வரேன். நீங்க பார்க்கறது போன்ல தங்கிப்போன காப்பி. அரை மணி நேரத்துல எல்லாருக்கும் போயிடும்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டார். "புதன்லேர்ந்து இதை எத்தனை பேர் பார்த்தாங்கன்னு எடுத்துக் கொடுங்க. நான் ஒவ்வொருத்தருக்கா போன் பண்றேன்."

அந்த மாத்திரை இதயக் குழாயில் வளையம் வைத்தவர்களுக்கு. வளையத்தில் ரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்வது. முதல் ஒரு வருடம் அதை விடக் கூடாது, விட்டால் வளையம் அடைத்துக்கொள்ளலாம். சிஸ்டர் எனக்கு அதை விளக்கவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். என் மாமனார் நெஞ்சில் பதினோரு மாதமாக ஒரு வளையம் இருக்கிறது.

பட்டியலை எடுத்துக்கொண்டிருந்தபோது கேப்டன் வந்தார். எங்கள் டீமின் தலைவர். எது உடைந்தாலும் "கப்பல் ஒண்ணும் மூழ்கல" என்பார், அதனால் அந்தப் பெயர். சிஸ்டர் அவருக்கு நடந்ததைச் சொன்னார். அவர் என் பின்னால் நின்று திரையில் நிரலைப் படித்தார். நாற்பத்திரண்டு வரி. ஒவ்வொன்றிலும் இரண்டு எண். மேலே நான் எழுதி வைத்திருந்த குறிப்பு: தற்காலிகம்.

"சொல்லைத் தேடிக் கண்டுபிடிச்சுப் பூச வேண்டியதுதானே?"

ஒரே சொல் ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை வருகிறது, தேடினால் இரண்டிலும் மஞ்சள் விழுகிறது என்றேன்.

"அதுக்கு? கையால எண்ணுவியா? நாப்பத்திரெண்டையும்? பைத்தியமா உனக்கு, எந்த மனுஷனாவது..." என்று ஆரம்பித்தவர் குறிப்பின் பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார்.

அது நான் விடுப்பு முடிந்து திரும்பிய வாரம். என் மனைவி இறந்து இருபத்தோரு நாள் ஆகியிருந்தது. காய்ச்சல் என்று போனாள். பதினோரு நாளில் முடிந்தது. அந்த வாரம் என்னால் யோசிக்க முடியவில்லை. எண்ண முடிந்தது. வாக்கியங்களைத் தாளில் எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினேன். கணினி நம்மைப் போல எண்ணாது. 'கே' நமக்கு ஒன்று, அதற்கு இரண்டு. மெய்யின் புள்ளிக்கு ஓர் இடம், இடைவெளிக்கு ஓர் இடம். நாலு நாள் அதையே செய்தேன். வேலை செய்கிறேன் என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள்.

மஞ்சள்கூட அவளுடையது. அவளிடம் ஒரு மஞ்சள் மார்க்கர் இருந்தது, மூடி முழுக்கப் பல் தடம். அதை வைத்துத் தாளில் ஒரு கோடு இழுத்துப் படம் எடுத்து, அந்த நிறத்தையே நிரலில் வைத்தேன். கேப்டனிடம் இதைச் சொன்னதில்லை.

இந்தமுறை அவர் கப்பலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும் என்று போய்விட்டார்.

பட்டியல் வந்தது. அட்டையைத் திறந்தவர்கள் முப்பத்தொரு பேர். பெயர் வராது, போன் எண்கள் மட்டும் வரும். நான் படிக்க சிஸ்டர் எழுதிக்கொண்டார். பத்தொன்பதாவது எண்ணில் நாக்கு நின்றது. அது அவளுடைய எண்ணுக்கு அடுத்த எண். அப்பாவும் மகளும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை.

"யாரு?" என்றார் சிஸ்டர்.

"மாமா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவரை நீங்க கூப்பிடுங்க. நான் மத்தவங்களைப் பார்க்கறேன்."

கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினேன். நாலாவது தடவை, அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் குரல் வந்தது.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் மஞ்சளை மட்டும்தான் படிப்பார். கண்ணில் கோளாறு என்று பெரிதாக இல்லை. பொறுமை இல்லை. முப்பது வருடம் அச்சகத்தில் காகிதம் வெட்டியவர். எழுத்து என்றால் அவருக்கு ஓரம் சரியாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு. டாக்டர் சீட்டு வந்தால் மகளிடம் நீட்டுவார். அவள் மஞ்சள் போட்டுத் தருவாள். அவர் மஞ்சளைப் படித்து அதன்படி நடப்பார். அவர்களுக்குள் அது ஓர் ஏற்பாடு. "அப்பாவுக்கு நான் கோடு போட்டதுதான் சட்டம்" என்பாள்.

அவள் போன பிறகு ஒருநாள் புதுச் சீட்டோடு என் வீட்டுக்கு வந்தார். மார்க்கரைக் கேட்டார். அது என் அலுவலக மேசையில் இருந்தது. போனைக் கொடுங்கள் மாமா, இனி இதிலேயே மஞ்சள் வரும் என்று செயலியைப் போட்டுக் கொடுத்தேன். அவர் சந்தோஷமாகத்தான் போனார். எனக்கும் வேலை முடிந்தது போல இருந்தது. அதற்குப் பிறகு நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை.

அவர் குரல் செய்தி அனுப்புவார், ஞாயிறுதோறும் ஒன்று. நான் கேட்டதில்லை. வாக்கியம் முடியும் இடத்தில் அவர் குரல் ஒரு மாதிரி இறங்கும். அவளுக்கும் அப்படித்தான் இறங்கும். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவேன். பெரும்பாலும் அதுவும் இல்லை. கேட்காதவை முப்பத்தொன்பது என்று போன் காட்டியது.

கடைசி இரண்டைப் பார்த்தேன். ஒன்று ஞாயிறு. ஒன்று வியாழன். வியாழக்கிழமை அவர் அனுப்புவதே இல்லை. காதில் வைத்தேன்.

"மாப்பிள்ளை, நான்தான். பல்லு ரொம்பப் படுத்துது. எடுத்துடலாம்னு சொல்லிட்டாங்க, திங்கக்கிழமை பதினோரு மணிக்கு. நெஞ்சுக்கு ஏதாவது மாத்திரை போடறீங்களா, இதய டாக்டரைக் கேட்டுட்டு வாங்கன்னாங்க. எதுக்கு டாக்டரைத் தொந்தரவு பண்ணணும்னு போனைத் திறந்து பார்த்தேன். மஞ்சள்ல நிறுத்துங்கள்னு இருக்கு. இத்தனை நாள் கீழே இருந்த மாதிரி ஞாபகம், இப்ப மேலே வந்திருக்கு. சரிதானே? ஒரு வார்த்தை சொல்லுங்க. வேலையா இருப்பீங்க. வைக்கிறேன்."

அடுத்தது.

"மாப்பிள்ளை, நீங்க ஒண்ணும் சொல்லல. சரின்னுதான் எடுத்துக்கிட்டேன். வெள்ளிக்கிழமையிலேர்ந்து போடல. நாளைக்குப் பல்லைப் பிடுங்கிட்டா நிம்மதி. சாப்பிட்டீங்களா?"

வெள்ளி, சனி, ஞாயிறு, இன்று. நாலு நாள்.

மணி பத்து பதினெட்டு. மேசை இழுப்பறையைத் திறந்தேன், ஏன் என்று தெரியவில்லை, மூடினேன். சிஸ்டரிடம் சொன்னேன். அவர் காதில் போனை வைத்தபடியே, ஒரு கையால் வாசலைக் காட்டினார். பிறகு போனைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "பல்லை எடுக்க விடாதீங்க. நெஞ்சு வலி, மூச்சு, வேர்வை, கேளுங்க. நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. டாக்டர்கிட்ட நான் பேசி வைக்கிறேன். போங்க."

மாமா போகும் பல் மருத்துவமனை எனக்குத் தெரியும். அவர் தெருமுனையில், மருந்துக்கடைக்கு மாடியில். அவள்தான் முதலில் அழைத்துப் போனாள். டாக்ஸியில் ஏறியதும் பல் மருத்துவமனையின் எண்ணைத் தேடி அடித்தேன். பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தடவை ஒரு பெண் எடுத்தாள். என் மாமனார் அங்கே வந்திருக்கிறார், அவர் மாத்திரை விஷயமாக டாக்டரிடம் பேச வேண்டும் என்றேன். நான் மெதுவாகப் பேசுகிறவன். அவள் வேகமானவள்.

"டாக்டர் உள்ளே இருக்காங்க சார். சாயங்காலம் அஞ்சரைக்கு ஒரு இடம் காலியா இருக்கு, போட்டுடவா?"

"வேணாம். இப்பவே..."

"இப்பல்லாம் கிடைக்காது சார்" என்று வைத்துவிட்டாள். மறுபடி அடித்தபோது எடுக்கவில்லை.

டாக்ஸி நின்று நின்று போனது. பாலம் ஏறும் இடத்தில் மொத்தமாக நின்றது. ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு, எங்கேயோ குழாய் உடைந்திருக்கிறது, காலையிலிருந்து இதே கதை என்றார். என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவர் கண்ணாடியில் அதைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியா?"

"பல் ஆஸ்பத்திரி."

"அட, பல்லுதானே" என்றார். "அது எங்கேயும் ஓடிப் போயிடாது."

பத்து நாற்பத்தாறுக்கு இறங்கி நடந்தேன். பிறகு ஓடினேன். அவள் போன இந்த ஒன்பதரை மாதத்தில் நான் ஓடியதில்லை. ஓடும்போது எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. எதை எண்ணினேன் என்று தெரியவில்லை. அறுபத்தாறு, அறுபத்தேழு என்று போய்க்கொண்டிருந்தது. தொண்ணூற்றொன்று வந்ததும் மறுபடி அறுபத்தாறு.

மாடிப்படி குறுகல். மேலே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாமா இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து, அஞ்சரை சார்தானே நீங்க என்றாள். பதில் சொல்லாமல் உள்ளே கதவைத் தள்ளினேன்.

மாமா சாய்வு நாற்காலியில் கிடந்தார். மார்பில் நீலக் காகிதத் துணி. வாயைத் திறந்து வைத்திருந்தார். பல் டாக்டர் என் வயதுப் பெண், கையுறை போட்டுக்கொண்டிருந்தார். தட்டில் கருவிகள். ஒன்றும் எடுக்கப்படவில்லை, எல்லாம் சுத்தமாக இருந்தன.

"யாரு நீங்க? வெளியே இருங்க."

"எடுக்காதீங்க" என்றேன். மூச்சு வாங்கியது. "வளையத்துக்குப் போடற மாத்திரையை அவர் தப்பா நிறுத்திட்டார். யாரும் நிறுத்தச் சொல்லல."

பல் டாக்டர் மாமாவைப் பார்த்தார். "கேட்டுட்டேன், நிறுத்தச் சொல்லிட்டாங்கன்னு சொன்னீங்களே?"

மாமா எழுந்து உட்கார முயன்றார். ஊசி போட்டு ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. வாயின் இடது பாதி அவர் பேச்சைக் கேட்கவில்லை. "வோட்டிருந்துச்சே" என்றார். பிறகு வலது பக்கத்தால் நிதானமாக, "போட்டிருந்துச்சு. மஞ்சள்ல" என்றார்.

பல் டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு நாடி பார்த்தார். நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு முட்டுகிறதா, வேர்க்கிறதா என்று கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. நான் சிஸ்டரைப் போனில் பிடித்துக் கொடுத்தேன். பல் டாக்டர் சிஸ்டரோடு அவர்கள் மொழியில் பேசிக்கொண்டே வெளியே போனார்.

நாங்கள் இரண்டு பேரும் அறையில். மேலே விளக்கு. மாமா நீலத்துணியால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இளைச்சுட்டீங்க மாப்பிள்ளை" என்றார்.

"மாமா, அந்த மஞ்சள் தப்பு. என் தப்பு. இடம் மாறிப் போச்சு."

"மேலே வந்திருக்கேன்னு நானும் பார்த்தேன். அதான் உங்களைக் கேட்டேனே."

"நான் கேட்கல."

"எதை?"

"நீங்க அனுப்பினதை. இன்னிக்குக் காலையிலதான் கேட்டேன்."

அவர் யோசித்தார். "வியாழக்கிழமை அனுப்பினதையா?"

"எதையும் மாமா. முதல்லேர்ந்து. ஒண்ணையும் கேட்கல."

"ஒண்ணையுமா?"

"ஒண்ணையும்."

கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார், அது இன்னும் அங்கே இருக்கிறதா என்பது போல. பிறகு எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தார்.

"நீங்க கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு நினைச்சேன்" என்றார். "அதனாலதான் குழாய் ஒழுகறது, நான் என்ன சமைச்சேன், எல்லாத்தையும் சொல்லிக்கிட்டு இருந்தேன். லூசு மாதிரி."

மன்னிச்சுடுங்க என்பதை வாய்வரை கொண்டுவந்தேன். அதற்குள் பல் டாக்டர் திரும்பி வந்துவிட்டார். இன்றைக்குப் பல்லைத் தொட முடியாது, உடனே இதயப் பிரிவுக்குப் போங்கள், அங்கே காத்திருக்கிறார்கள், மாத்திரையை எப்படி மறுபடி ஆரம்பிப்பது என்று அவர்கள் சொல்வார்கள் என்றார்.

"அப்ப பல்லு?" என்றார் மாமா.

"அது அப்படியே இருக்கும்."

"வலி?"

"அதுவும்தான்" என்றார் பல் டாக்டர். வலிக்கு மட்டும் ஒரு மாத்திரை பெயரை, இதய டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அதை மாமா என்னிடம் நீட்டினார். பழக்கம். நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

படி இறங்கும்போது அவர் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

இதயப் பிரிவில் அவரைப் படுக்க வைத்து நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள். மாத்திரையை அங்கேயே கொடுத்தார்கள். பாதி வாய் மரத்திருந்ததால் தண்ணீர் கழுத்தில் வழிந்தது. நான் துடைத்தேன். பணியில் இருந்த டாக்டர் வரைபடத் தாளை இரண்டு தடவை பார்த்தார். மாற்றம் ஒன்றும் இல்லை, இருந்தாலும் சாயங்காலம் வரை இருக்கட்டும், ரத்தத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார். நாலு நாள் என்பது விளையாட்டில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னார். என் வேலை என்ன என்று அவர் கேட்கவில்லை.

நான் நடந்துகொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து லிஃப்ட் வரை, லிஃப்டிலிருந்து கட்டில் வரை. திரையில் பச்சைக் கோடு ஓடியது. அது கொஞ்சம் வேறு மாதிரி ஏறினாலும் நின்று பார்த்தேன்.

ஒன்றரை மணிக்கு சிஸ்டர் கூப்பிட்டார். முப்பது பேரிடமும் பேசிவிட்டார். மஞ்சள் இடம் மாறியதைப் பலர் கவனிக்கவே இல்லை. கவனித்த மூன்று பேர் முழு வாக்கியத்தையும் படித்துவிட்டு ஏதோ கோளாறு என்று சிரித்திருக்கிறார்கள். ஒருவர் பக்கத்து வீட்டு நர்ஸைக் கேட்டிருக்கிறார்.

"நிறுத்தினது ஒரே ஒருத்தர்தான்" என்றார். பிறகு, "கேப்டன் அந்த எண்ணையெல்லாம் தூக்கி எறியச் சொல்லிட்டார். நீங்கதான் பண்ணணுமாம். எப்படின்னு கேட்கறார்."

லிஃப்ட் வாசலில் நின்றபடி சொன்னேன். எண்ணே வேண்டாம். மஞ்சள் வேண்டிய சொல்லுக்கு முன்னும் பின்னும் சிஸ்டரே வாக்கியத்துக்குள் ஒரு குறி போடட்டும். செயலி குறியைப் பார்த்துப் பூசட்டும். சொல் நகர்ந்தால் குறியும் கூடவே நகரும். அரைநாள் வேலை. இதை ஒன்பது மாதம் முன்பே செய்திருக்கலாம்.

"நான் போடற குறி தப்பாப் போச்சுன்னா?"

"அப்ப நீங்க சண்டை போட வேண்டியது என்னோட இல்ல. உங்களோட."

அவர் சிரிக்கவில்லை. "மாமா என்ன சொல்றார்?" என்றார்.

"ஒண்ணும் சொல்லல."

"பக்கத்துல உட்காருங்க முதல்ல. நீங்க நடக்கற சத்தம் எனக்கு இங்கே கேட்குது."

போய் உட்கார்ந்தேன். மாமா விழித்திருந்தார். வாய் சரியாகிவிட்டது, அதனால் பல்வலி திரும்பிவிட்டது. கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார். மாற்றிக்கொள்ளச் சொல்லியிருந்ததால் அவர் சட்டை என் மடியில் இருந்தது. பையில் இருந்த மடித்த தாள்களை எடுத்துப் பார்த்தேன். பல் டாக்டரின் சீட்டு, அதோடு அவர் எப்போதும் வைத்திருக்கும் இதய மருத்துவச் சீட்டு. மடிப்பில் கிழிந்து, ஒட்டுத்தாள் போட்டது. செயலியைப் போட்டுக் கொடுத்த அன்று என் வீட்டுக்கு எடுத்து வந்தது அதுதான். அதில் ஓரிடத்திலும் மஞ்சள் இல்லை.

அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழாய் இன்னும் ஒழுகுதா மாமா?" என்றேன்.

"ஒழுகாம? யார் வந்து பார்த்தாங்க?"

"சனிக்கிழமை வரேன்."

"ம்." இதயச் சீட்டைக் காட்டி, "அதைப் படிங்க" என்றார்.

சீட்டை முழுதாக விரித்தேன். எது முக்கியம் என்று கண் தேடியது. "மார்க்கர் ஆபீஸ்ல இருக்கு மாமா. நாளைக்குக் கொண்டு வந்து போட்டுத் தரேன்."

"மார்க்கர் எதுக்கு? வாயால படிங்க."

படித்தேன். முதல் மாத்திரை, காலை ஒன்று, சாப்பிட்ட பிறகு. இரண்டாவது, இரவு ஒன்று. மூன்றாவது அந்த மாத்திரை. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று அதிலும் இருந்தது. சிறிய எழுத்து. இரண்டு தடவை படித்தேன். அவர் தலையாட்டினார். நிறுத்தினேன்.

"அவ்வளவுதானா? கீழே இன்னும் எழுத்து தெரியுதே."

"அது முக்கியமில்ல மாமா. வழக்கமா எல்லாச் சீட்டுலயும் இருக்கறது."

"முக்கியமில்லாததையும் படிங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கு என்ன வேலை இருக்கு, சாயங்காலம் வரைக்கும்?"

மாத்திரைகளை ஈரமில்லாத இடத்தில் வைக்கவும் என்று படித்தேன். சரி என்றார். வெயில் படாமல் வைக்கவும். சரி. அடுத்த முறை வரும்போது இந்தச் சீட்டைத் தவறாமல் கொண்டு வரவும். சரி. துணைக்கு வருகிறவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவள் பெயரை அவரே எழுதியிருந்தார், அவள் இறந்து ஒரு மாதம் கழித்து வந்த சீட்டில், ஓரம் பிசகாத பெரிய எழுத்தில்.

அதையும் படித்தேன். குரல் நடுவில் இறங்கியது.

மாமா கண்ணைத் திறக்கவில்லை. "பின்பக்கமும் இருக்கு" என்றார்.

திருப்பினேன்.